“ஸ்கேன் நார்மல்தான், வீட்டுக்குப் போம்மா”: அவசரத்தில் பெண்ணின் வலி ஏன் காதில் ஏறுவதில்லை

“டாக்டர் நான் சொன்னதைக் காதிலேயே வாங்கலை” என்று ஒரு பெண் சொன்னால், வீட்டில் அதை மரியாதைப் பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். சிடுசிடுத்திருப்பார், முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், கூட்டம் அதிகமாக இருந்திருக்கும், விடு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு என்று முடித்துவிடுகிறோம். ஆனால் கர்ப்பப்பை, சினைப்பை சம்பந்தப்பட்ட அவசரங்களில் நோயாளி சொல்வதைக் கேட்காமல் விடுவது ஒரு பரிசோதனையைச் செய்யாமல் விடுவதற்குச் சமம். ஏன் அப்படி, எந்த நோய்களில் அது உயிர்வரைக்கும் போகும், அந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன சொல்லலாம் என்பதையெல்லாம் மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பி.பி. எல்லாமே அந்த ஒரு நேரத்தில் உடம்பு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். ஆனால் பெண்களுக்கு வரும் பல அவசரங்கள் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருப்பவை. பத்து மணிக்கு ஒன்றுமில்லாதது மூன்று மணிக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த ஐந்து மணி நேரமும் உடம்புக்குள் நடப்பதை விடாமல் கவனித்துக்கொண்டிருப்பவள் அந்தப் பெண் ஒருத்திதான். “இப்ப வேற மாதிரி இருக்கு” என்று அவள் சொல்வதை ஒதுக்கிவிட்டால் அந்தத் தகவல் வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

சினைப்பை முறுக்கிக்கொள்வதை எடுத்துக்கொள்வோம். ஓவரியன் டார்ஷன் என்பார்கள், ஊரில் “கட்டி திருகிக்கிச்சு” என்றும் சொல்வதுண்டு. சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி இருந்தால், அந்தப் பாரத்தில் சினைப்பை தன் காம்பிலேயே சுற்றிக்கொள்ளலாம், ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி. திடீரென்று ஒரு பக்கமாக வலிக்கும், கூடவே குமட்டலும் வாந்தியும் வரும். இடது பக்கத்தைவிட வலது பக்கம் அதிகமாக வருவதால் அப்பெண்டிக்ஸ் என்றும், வாந்தி வருவதால் ஃபுட் பாய்சன் என்றும் குழப்பிக்கொள்வது சகஜம். இதில் மோசமான விஷயம், காம்பு கொஞ்சம் சுற்றும், தானாகவே கொஞ்சம் அவிழும், மறுபடியும் சுற்றும். அவிழ்ந்த நேரத்தில் வலி குறைந்துவிடும். டாக்டர் பார்க்கும் நேரமும் அதுவாகவே இருந்துவிட்டால், “இப்ப வலி இல்லையே, அப்புறம் என்ன?” என்பார்.

ஸ்கேனில் தெரியாதா என்றால், தெரியலாம், தெரியாமலும் போகலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் முறுக்கம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது, அது ஒரு காரணம். முறுக்கும்போது மெல்லிய சுவருள்ள சிரைகள்தான் முதலில் அடைபடும், தமனி இன்னும் கொஞ்ச நேரம் ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு காரணம். லேப்ராஸ்கோபி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டு, உள்ளே பார்த்தால்தான் கடைசியில் உறுதியாகும். நேரத்தோடு பார்த்துவிட்டால், கறுத்து நீலம் பாரித்துக் கிடக்கும் சினைப்பைகூட முறுக்கை அவிழ்த்துவிட்டதும் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் இது வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு பக்கம் வலிக்கிறது என்று சுருண்டு படுத்து வாந்தி எடுத்தால், ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது குழாயில் தங்கும் கரு, “டியூப்ல கரு” என்பது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கும், அதில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கருக்குழாயில்தான். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டலாம். பலருக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரிந்திருக்காது, நாள் தள்ளிப்போய் லேசாகப் பட்டதைப் பீரியட்ஸ் என்றே நினைத்திருப்பார்கள். உள்ளே கசியும் ரத்தம் மலக்குடலை ஒட்டித் தேங்கும்போது மலம் கழிக்க வேண்டும்போல இருந்துகொண்டே இருக்கும், வயிற்றுப்போக்குகூட வரலாம். அதைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பப்பட்டு இறந்த பெண்களைப் பற்றி பிரிட்டனின் தாய்மரண விசாரணை அறிக்கைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. ரத்தம் மேலேறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையைத் தொட்டால் தோள்பட்டை நுனியில் வலிக்கும். வயிற்று வலியோடு தோள்பட்டையும் வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் சம்பந்தமில்லாமல் உளறுகிறாள் என்று தோன்றும், ஆனால் அதுதான் முக்கியமான துப்பு.

இங்கே தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். “ஆபரேஷன் ஆயிடுச்சு” என்றவுடன் கர்ப்பத்தைப் பற்றிய கேள்வியே அடிபட்டுப் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம்தான், ஆனால் அப்படித் தங்கினால் அது குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். ஆபரேஷன் ஆனவராக இருந்தாலும், வயிறு வலித்து நாளும் தள்ளிப்போயிருந்தால் யூரின் டெஸ்ட் எடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். சில நிமிட வேலை.

பி.பி. நார்மல் என்பதும் முழு நிம்மதி தரும் செய்தி அல்ல. இளம் பெண்களின் உடம்பு ரத்த இழப்பை நெடுநேரம் சமாளிக்கும். மொத்த ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரை பி.பி. பெரிதாக இறங்காமலே இருக்கலாம், நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். ஹீமோகுளோபினும் ரத்தம் போன உடனே இறங்காது, சில மணி நேரம் எடுக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும்போதே ஒரு பெண் எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது என்றால், அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

காதில் வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து சவிதா ஹாலப்பனவரின் கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31, கணவரோடு அயர்லாந்தின் கால்வே நகரில் இருந்தார். 2012 அக்டோபர் 21 அன்று, 17 வாரக் கர்ப்பத்தில், முதுகு வலி என்று அங்கிருந்த பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏதோ கீழே இறங்குவது போல இருக்கிறது என்று அன்றைக்கே திரும்பி வந்தார். அப்போதுதான் கருச்சிதைவைத் தடுக்க முடியாது என்பது தெரிந்தது. அன்று எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன, கிருமித் தொற்றாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது, அந்த ரிசல்ட்டை உரிய நேரத்தில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு பனிக்குடம் உடைந்தது. கரு பிழைக்காது என்று தெரிந்தபின் அதை அகற்றிவிடச் சொல்லிக் கேட்டார், இதயத்துடிப்பு இருக்கும்வரை முடியாது என்று மறுத்தார்கள். அன்றைய அயர்லாந்துச் சட்டம் அப்படி.

சவிதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான், 2018இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றும் அளவுக்கு அந்த மரணம் உலுக்கியது. ஆனால் என் கண் போய் நிற்பது 24ஆம் தேதி விடியற்காலையில். நாலு மணி சுமாருக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது என்கிறார். போர்வையும் பாராசிட்டமாலும் தருகிறார்கள். பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணுக்கு நடுக்கம் வந்தால் ரத்தத்தில் கிருமி பரவுகிறதோ என்றுதான் முதலில் பயப்பட வேண்டும். காலை 6.30க்குப் பார்க்கும்போது காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 160. அக்டோபர் 28 அன்று இறந்துபோனார். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். அவரது குழுவின் 2013 அறிக்கை முதல் காரணமாகச் சொன்னது, நோயாளியைச் சரிவர மதிப்பிடவும் கண்காணிக்கவும் தவறியதை. அதே ஆண்டு வந்த இன்னொரு அரசு அறிக்கை, நிலைமையை மாற்றியிருக்கக்கூடிய 13 சந்தர்ப்பங்கள் கைநழுவிப் போனதாகக் கணக்கிட்டது. சவிதா வாய் திறக்காமல் இருக்கவில்லை. கீழே இறங்குகிறது என்றார், அகற்றுங்கள் என்றார், குளிர்கிறது என்றார்.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? எல்லா டாக்டரும் கெட்டவர்களா? இல்லை. ராத்திரி ட்யூட்டியில் ஒற்றை ஆளாக நின்று விபத்து, விஷக்கடி, நெஞ்சுவலி எல்லாவற்றையும் பார்க்கும் டியூட்டி டாக்டரின் நிலைமை எனக்குப் புரிகிறது. அவர் சீக்கிரமாக ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், அதனால் அதிகம் வரும் காரணம் எதுவோ அதில் மனம் போய் ஒட்டிக்கொள்கிறது. அடிவயிற்று வலியோடு வரும் பெண்ணுக்கு அப்படிப்பட்ட ரெடிமேட் காரணங்கள் நிறைய: பீரியட்ஸ் வலி, கேஸ் டிரபிள், நீர்க்கடுப்பு, டென்ஷன். வீட்டிலேயே “சூட்டு வலி, இளநீர் குடி” என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு தடவை சீட்டில் கேஸ் டிரபிள் என்று எழுதிவிட்டால், அடுத்து பார்க்கும் டாக்டரும் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைப் பார்ப்பார்.

மருத்துவத்துக்கு உள்ளேயும் ஒரு பழைய கடன் இருக்கிறது. கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்காவில் 1977இல் வழிகாட்டுதலே போட்டார்கள், 1993இல்தான் அது மாறியது. அங்கே ஒரு அவசரப் பிரிவில் கடும் வயிற்று வலியோடு வந்தவர்களைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், வலி மருந்து கிடைக்க ஆண்கள் 49 நிமிடமும் பெண்கள் 65 நிமிடமும் காத்திருந்தது தெரிந்தது. இங்கிலாந்து அரசு 2021இல் கருத்துக் கேட்டபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எழுதினார்கள், அவர்களில் 84 சதவீதம் பேர் மருத்துவத் துறையினர் தங்கள் பேச்சைக் கேட்காத அனுபவம் உண்டு என்றார்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) வலியோடு அலைகிறவர்கள் உலகெங்கும் பல வருடம் கழித்துத்தான் தங்கள் நோயின் பெயரையே தெரிந்துகொள்கிறார்கள்.

நம் ஊர்க் கதை இன்னும் கொஞ்சம் வேறு. இங்கே அந்தப் பெண்ணைப் பேசவே விடுவதில்லை. “எப்பம்மா கடைசியா தலைக்கு ஊத்துன?” என்று டாக்டர் கேட்பார், அம்மா பதில் சொல்வார். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பார், கூட வந்த சித்தி “ஐயோ, இன்னும் இல்லைங்க, படிக்கிற பொண்ணு” என்பார். உண்மையில் டாக்டருக்குத் தெரிய வேண்டியது கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பது. அதை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, கல்யாணத்தைக் கேட்டு, அந்தப் பதிலை வைத்து யூரின் டெஸ்ட்டையே விட்டுவிடுகிறார்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள், வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் ஆரம்பக் கரு சரியாகத் தெரியாமல் போகலாம், ரிப்போர்ட் நார்மல் என்று வரும். வலிக்கிற பெண் நாலு பேர் நடுவில் உண்மையைச் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த ஒரு காட்சியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, டாக்டர்மேல் மட்டும் இல்லை, நம் எல்லோர்மேலும்.

கூடப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பதில் அவள் சொல்லட்டும். டாக்டர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் சண்டை போடாமல் போய் நில்லுங்கள். அவர் சொல்லாவிட்டாலும், “நீங்க தனியா பேசிக்குங்க டாக்டர்” என்று நீங்களே எழுந்து போய்விட்டால் இன்னும் நல்லது.

போகிறவர் நீங்களே என்றால், முதல் அரை நிமிடத்தை வீணாக்காதீர்கள். டாக்டர்கள் சராசரியாகப் பதினெட்டு விநாடியிலேயே குறுக்கிட்டுவிடுகிறார்கள் என்று 1984இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது, நம் ஓ.பி. கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ஆதியிலிருந்து ஆரம்பிக்காமல், மாறியது எதுவோ அதை முதலில் சொல்லுங்கள். “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதை அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறார். “சாயங்காலம் ஆறு மணிக்குத் திடீர்னு வலது பக்கம் மட்டும் பிடிச்சது, மூணு தடவை வாந்தி எடுத்தேன், இது என் பீரியட்ஸ் வலி மாதிரி இல்லை, கடைசியா பீரியட்ஸ் வந்தது போன மாசம் பத்தாம் தேதி, கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கு” என்று சொன்னால் அவரது கை தானாகப் பேனாவை எடுக்கும். ரத்தப்போக்கு என்றால் “நிறைய போகுது” என்பதைவிட “ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுசா நனையுது, ரெண்டு மணி நேரமா இப்படித்தான்” என்பது வேலை செய்யும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் போனில் டைப் செய்து நீட்டுங்கள், தப்பே இல்லை.

வலிக்கு மருந்து கேட்கவும் தயங்காதீர்கள். வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும், காரணம் தெரியும்வரை போடக்கூடாது என்று முன்பு நம்பினார்கள், நோயைக் கண்டுபிடிப்பதை அது கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் பிறகு காட்டிவிட்டன. ஆனால் ஊசிக்குப் பிறகு வலி குறைந்ததை வைத்தே வீட்டுக்கு அனுப்பினால், “ஊசியோட வேகம் போனதும் மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க” என்று கேட்கலாம்.

அப்படியும் அனுப்புகிறார்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். “என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க? சினைப்பை முறுக்கமோ டியூப் கருவோ இல்லைன்னு எதை வச்சு சொல்றீங்க? என்ன ஆனா நான் உடனே திரும்பி வரணும்?” சண்டைக்குப் போகிற குரலில் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும்போதே சில டாக்டர்கள் இன்னொரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) என்று ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம். மகப்பேறு பிரிவு டாக்டரை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று கேஷுவாலிட்டியிலேயே கேட்கலாம். அரசு மருத்துவமனை பற்றிய புகாரை 104 ஹெல்ப்லைனில் சொல்லலாம். வேறு மருத்துவமனைக்குப் போவதும் உங்கள் உரிமை. கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. ஆனால் அவசரத்தில் அதற்காகக் காத்திருக்காதீர்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டையும் சீட்டையும் போனில் படமெடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வரும் பயம் ஒன்று உண்டு: உண்மையைச் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று. பதினெட்டு வயது தாண்டியவர் தன் விருப்பத்தில் கர்ப்பமானது எந்தக் குற்றமும் இல்லை, அதைப் போலீசுக்குச் சொல்ல வேண்டிய கடமையும் டாக்டருக்கு இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம், சிகிச்சை பெற்றவரின் பெயரை டாக்டர் வெளியிடக்கூடாது என்றே சொல்கிறது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும், ஆனால் கர்ப்பத்தைக் கலைக்க வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், ராத்திரி வலி கூடுகிறது அல்லது போன வலி திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஓ.பி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், “இப்பத்தானே போயிட்டு வந்தோம், திரும்பிப் போனா என்ன நினைப்பாங்க” என்ற கூச்சமும் வேண்டாம். மயக்கம், தோள்பட்டை வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு, வாந்தியோடு ஒரு பக்க வலி, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம். போய் இறங்கியதும் வாயில் வரும் முதல் வார்த்தை, “நான் இன்னைக்கு ரெண்டாவது தடவையா வர்றேன், மத்தியானம் பார்த்தப்ப இல்லாதது இப்ப இருக்கு” என்பதாக இருக்கட்டும்.